வயிற்றெரிச்சல்: ஒரு வரலாறு

வயிற்றெரிச்சல் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவது அடுத்த வீட்டுக்காரரின் புதிய கார்தான். பொறாமைக்கும் இரைப்பைக்கும் முடிச்சுப் போட்ட மொழி நம்முடையது. வயிறெரிந்து சாபமிடுதல், பெற்ற வயிறு பற்றியெரிதல் என்று மனத்தின் துயரையெல்லாம் வயிற்றில் கொண்டுபோய் வைத்த நாம், வயிறு உண்மையாகவே எரியும்போது அதன் காரணத்தை மனத்திலும் நாக்கிலும் தேடினோம் என்றால் அதில் வியப்பொன்றுமில்லை. 'கண்டதையும் தின்றிருப்பாய்', 'எதையாவது நினைத்து உழன்றிருப்பாய்' என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு முதலில் கிடைப்பது மருந்தன்று, குற்றப்பத்திரிகை. அதை எழுதியவர்களின் வரிசை நீண்டது. நம் நாட்டோடு முடிவதுமன்று.

சென்ற ஆண்டு நமக்கும் அது கிடைத்தது. விடைத்தாள் திருத்தும் பருவம். மேல்வயிற்றில் எரிச்சல், நான்கு வாய் உண்பதற்குள் வயிறு நிறைந்துவிட்ட உணர்வு, ஓயாத ஏப்பம், விடியற்காலையில் குமட்டல். இரைப்பை அழற்சி என்றார் மருத்துவர். ஊரில் இதையே கேஸ்ட்ரிக் என்பார்கள், கேஸ் டிரபிள் என்பார்கள், சற்றுக் கூடுதல் மரியாதை வேண்டுமென்றால் அல்சர் என்பார்கள். மாத்திரைகளோடு அச்சடித்த சீட்டு ஒன்றும் தந்தார்கள். காரம், புளி, ஊறுகாய், எண்ணெய்ப் பலகாரம், காப்பி, தேநீர், தக்காளி, கடலை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும், பால் நிறைய அருந்த வேண்டும், கவலைப்படாதிருக்க வேண்டும். ஒரு சுவடி கைக்கு வந்தால் எழுதியவர் யார், எந்தக் காலத்தது, எத்தனை கை மாறி வந்தது என்று கேட்பது தமிழ் படித்தவர்களின் தொழில்நோய். அந்தச் சீட்டையும் நாம் அப்படித்தான் பார்த்தோம். அதன் மூலபாடத்தைத் தேடிப்போன கதையே இக்கட்டுரை.

நம் மருத்துவ மரபில் இந்நோய் குன்மம் என்னும் பெயரின்கீழ் வருகிறது. யூகி வைத்திய சிந்தாமணி அதனை எட்டு வகையாகப் பகுக்கிறது. எரிகுன்மம், வலிகுன்மம், வாந்தி மிகும் சத்திகுன்மம் என்ற பெயர்களைப் படிக்கும்போதே, பெயரிட்டவர்கள் நோயாளியின் அருகில் அமர்ந்து அவன் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டவர்கள் என்பது விளங்கும். திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்திலோ ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. முன்னர் உண்டது அற்றதா என்று பார்த்து அளவோடு உண்பதைப் பற்றியே வள்ளுவர் திரும்பத் திரும்பப் பேசுகிறார். உணவை மருந்தின் இடத்தில் வைத்துப் பார்த்த மரபு இது. அதன் மறுபக்கமும் உண்டு: உணவே மருந்தென்றால் நோய் வந்தவன் உண்ணத் தெரியாதவன் ஆகிவிடுகிறான்.

தமிழ் அறிந்த வயிற்றுநோயாளிகளில் முதல்வர் திருநாவுக்கரசர். ஏழாம் நூற்றாண்டில் அவரைப் பற்றிய சூலையை இன்றைய மருத்துவச் சொல் எதிலாவது அடைக்க முயல்வது வீண்வேலை. அது அழற்சியா, புண்ணா, பித்தப்பைக் கல்லா என்று பட்டிமன்றம் நடத்துவோரை விட்டுவிடுவோம். நம் கவனத்துக்குரியது வேறு. அதிகை வீரட்டானத்தில் அவர் பாடிய முதற்பதிகத்தின் தொடக்கத்திலேயே, தாம் செய்த கொடுமைகள் எவையெனத் தமக்குத் தெரியவில்லை என்கிறார். குடல் முறுக்கும் வலிக்கு நடுவே ஒருவர் தம் குற்றம் என்னவென்று தேடுகிறார். பக்தி இலக்கியமாகப் பலமுறை பாடம் நடத்திய பகுதி. மாத்திரைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு படித்தபோதுதான் அந்தக் கேள்வி எந்த உறுப்பிலிருந்து எழுந்தது என்பது உறைத்தது.

நிற்க. ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரைப்பை அழற்சிக்கு ஒரு பேரரசே இருந்தது. பாரிஸில் கோலோச்சிய பிரான்சுவா புரூசே என்னும் மருத்துவர், ஏறத்தாழ எல்லா நோய்க்கும் மூலம் இரைப்பை குடல் அழற்சிதான் என்று கற்பித்தார். அவருடைய சிகிச்சை இரண்டே சொற்களில் அடங்கும்: பட்டினி, அட்டை. நோயாளியின் வயிற்றின்மேல் டஜன் கணக்கில் அட்டைகளை விட்டு இரத்தம் உறிஞ்ச வைப்பார்கள். உள்நாட்டு அட்டை போதாமல் 1833-இல் மட்டும் பிரான்சு 4 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளை இறக்குமதி செய்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், உயிரோடிருக்கும் மனிதனின் இரைப்பைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் புரூசேயோ அவர் மாணவர்களோ கண்டதில்லை.

கண்டவர் ஒருவர் இருந்தார். அட்டை இறக்குமதியான அதே 1833-இல் அவருடைய நூல் அமெரிக்காவில் வெளியாயிற்று. வில்லியம் பியூமாண்ட் என்னும் இராணுவ மருத்துவர் மிச்சிகன் பகுதியில் மேக்கினாக் தீவுக் கோட்டையில் பணியாற்றியவர். 1822 ஜூன் 6 அன்று அங்கிருந்த மென்மயிர்த்தோல் வணிகக் கடையில் ஒரு துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. அருகில் நின்ற அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் கனடியப் படகுத் தொழிலாளியின் இடப்பக்கம் சிதறியது. பிழைக்கமாட்டான் என்றுதான் எண்ணினார்கள். பிழைத்தான். ஆனால் காயம் ஆறியபோது இரைப்பை விலாப்பக்கத் தோலோடு ஒட்டி, வெளியிலிருந்து உள்ளே பார்க்கத்தக்க ஒரு துளை நிரந்தரமாக நின்றுவிட்டது.

பியூமாண்ட் அந்தத் துளையை ஒரு சாளரமாக்கிக்கொண்டார். இறைச்சித் துண்டு, ரொட்டித் துண்டு, முட்டைக்கோசுத் துணுக்கு ஆகியவற்றைப் பட்டுநூலில் கட்டி உள்ளே இறக்கி, மணிக்கணக்கு வைத்து வெளியே எடுத்துப் பார்த்தார். 1825 முதல் 1833 வரை இருநூறுக்கும் மேற்பட்ட சோதனைகள். அவர் தந்த செரிமான அட்டவணையில் வேகவைத்த அரிசிக்கு 1 மணி நேரம், காய்ச்சிய பாலுக்கு 2 மணி நேரம், வறுத்த பன்றியிறைச்சிக்கு 5 மணி 15 நிமிடம் என்று கணக்கு இருக்கிறது. அரிசி எளிதில் செரிக்கும் என்று நம் பாட்டிமார் சொன்னதற்கு அமெரிக்கக் கோட்டையில் சாட்சியம் கிடைத்தது.

அட்டவணையைவிட முக்கியமான செய்தி ஒன்றைப் பியூமாண்ட் போகிறபோக்கில் பதிவு செய்திருக்கிறார். செயின்ட் மார்ட்டின் சில நாள் தொடர்ந்து மது அருந்திய பின் உள்ளே பார்த்தால், இரைப்பையின் உட்சுவர் ஆங்காங்கே சிவந்து, புண்பட்டு, இயல்பு கெட்டுக் கிடக்கும். ஆனால் அவனோ வலி எதுவும் இல்லை என்பான், வழக்கம்போல் உண்பான். அழற்சி வேறு, எரிச்சல் வேறு. ஒன்றில்லாமல் மற்றொன்று இருக்கக்கூடும் என்பது அப்போதே கண்ணால் காணப்பட்டுவிட்டது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தத் தொழிலாளியின் கதையையும் முடித்துவிடுவோம். ஆண்டுக்கு 150 டாலரும் உணவும் உடையும் என்ற ஒப்பந்தத்தின்மேல் தன் இரைப்பையை வாடகைக்கு விட்டவன் அவன். பலமுறை சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டான். கடைசியில் திரும்பி வரவேயில்லை. பியூமாண்ட் 1853-இல் இறந்தார். துளை விழுந்த வயிற்றோடு செயின்ட் மார்ட்டின் 1880 வரை வாழ்ந்தான். இறந்தபின் மருத்துவர்கள் உடலைக் கேட்டு வருவார்கள் என்று அஞ்சி, அவன் குடும்பத்தார் உடல் அழுகத் தொடங்கும்வரை வைத்திருந்து, ஆழமாகக் குழிதோண்டிப் புதைத்தார்கள்.

இரைப்பைநீரில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பதை இங்கிலாந்தில் வில்லியம் பிரவுட் 1824-இல் வெளியான தம் கட்டுரையில் நிறுவியிருந்தார். 1910-இல் கார்ல் ஷ்வார்ட்ஸ் என்னும் அறுவை மருத்துவர் அமிலமின்றிப் புண்ணில்லை என்று சூத்திரம்போல் அறிவித்தார். அமிலமே எதிரி என்றான பின் அதை நடுநிலையாக்குவதுதானே மருத்துவம்? 1915-இல் சிகாகோவின் பெர்ட்ரம் சிப்பி ஒரு பத்தியத்தை வெளியிட்டார். காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை, மணிக்கொரு முறை, பாலும் பாலேடும் சமபங்கு கலந்து 3 அவுன்ஸ். இடைப்பட்ட நேரங்களில் காரப்பொடிகள் (மிளகாய்க் காரமன்று, அமிலத்தை முறிக்கும் சோடா உப்பு வகை). நாட்கள் செல்லச்செல்ல மெத்தென்ற முட்டையும் கூழும் சேர்க்கலாம். நம் கைக்கு வந்த சீட்டில் இருந்த 'பால் நிறைய அருந்தவும்' என்ற வரியின் மூலச்சுவடி இதுவே என்று கருத இடமுண்டு.

சிப்பியின் பத்தியம் உலகெங்கும் அரை நூற்றாண்டு ஆண்டது. அதன் விளைவுகள் ஒவ்வொன்றாகவே வெளிப்பட்டன. பாலும் காரப்பொடியும் சேர்ந்து சிலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன என்று 1923-இலேயே எழுதினார்கள். பாலேடு உண்டு புண்ணை ஆற்றியவர்களிடையே மாரடைப்பு மிகுதி என்று 1960-இல் ஓர் ஆய்வு வந்தது. பால் சற்று நேரம் எரிச்சலைத் தணித்துப் பின் அமிலச் சுரப்பைத் தூண்டுகிறது என்பதும் பின்னர் உறுதிப்பட்டது. ஆயினும் சீட்டிலிருந்து பால் போகவில்லை. அச்சடித்த வரிக்கு ஆயுள் அதிகம். இதைப் பாடநூற் குழுக்களில் இருந்தவர்கள் நன்கறிவார்கள்.

சிகாகோவில் இவ்வாறு பால் புகட்டிக்கொண்டிருந்த காலத்தில் நம் குமரி மண்ணில், அன்றைய தென்திருவிதாங்கூரில், வயிற்றுநோய் பெரும் துயராக இருந்தது. நெய்யூரில் இலண்டன் மிஷனின் மருத்துவப் பணி 1838-இல் தொடங்கியது. 1922-இல் எவரெஸ்ட் பயணத்தில் பங்கேற்றுவிட்டு, இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த ஹாவர்ட் சாமர்வெல் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர் அங்கே வந்தார். ஒற்றை அறுவை மருத்துவர் முன் திரண்டு நின்ற நோயாளிகளைக் கண்டார். இலண்டனில் காத்திருந்த பதவியை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்துவிட்டார். 1924-இல் மீண்டும் எவரெஸ்ட் சென்று, 28,000 அடி உயரம்வரை ஏறி, இறங்கும் வழியில் மூச்சடைத்துச் சாவின் விளிம்புவரை போய், மறுபடி நெய்யூருக்குத்தான் திரும்பினார். இரண்டாம் உலகப்போர் முடிந்த பின்னும் சில ஆண்டுகள் அங்கேயே இருந்தார்.

அவர் மேசைக்கு வந்தவர்களில் பெருங்கூட்டம் முன்சிறுகுடல் புண்காரர்கள். இரைப்பை அழற்சியின் உடன்பிறப்பு இந்நோய். அழற்சி முற்றி, இரைப்பையைத் தாண்டிய குடற்பகுதியில் புண் குழிந்து, பின் தழும்பேறி வழியடைத்துவிடும். உண்டதெல்லாம் மாலையில் வாந்தியாகும். ஆள் எலும்புக்கூடாவான். புண்பட்ட இடத்தைத் தவிர்த்து இரைப்பையை நேராகச் சிறுகுடலோடு இணைத்துத் தைக்கும் அறுவையை நெய்யூரில் ஆயிரக்கணக்கில் செய்தார்கள். சாமர்வெல்லும் அவர் தோழர் ஆரும் 1936-இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையால் நெய்யூர், வயிற்றுப்புண் பற்றிய உலக இலக்கியத்தில் இடம்பெற்றது.

இத்தனை பேருக்கு ஏன் வந்தது? அக்காலத்தவர் விடையைத் தட்டிலேதான் தேடினர். குன்னூரில் இராபர்ட் மக்காரிசன் எலிகளுக்குப் பல வட்டாரங்களின் உணவைக் கொடுத்துப் பார்த்தார். பஞ்சாபியரின் கோதுமை, பால், காய்கறி உணவை உண்ட எலிகள் கொழுத்துத் திரிந்தன. திருவிதாங்கூர் ஏழையின் மரச்சீனிக் கிழங்கு உணவை உண்ட எலிகளுக்கு வயிற்றில் புண் கண்டது என்று 1931-இல் எழுதினார். கிழங்கு, தீட்டிய அரிசி, மிளகாய் இவையே குற்றவாளிகள் என்பது பொதுக்கருத்தாயிற்று. அரிசி உண்ணும் தெற்கில் முன்சிறுகுடல் புண் மிகுதி, கோதுமை உண்ணும் வடக்கில் குறைவு என்பதைப் பின்னாளில் மைசூரில் பணியாற்றிய ஃபிராங்க் டோவியும் பதிவு செய்தார்.

நம் பாட்டனார் அந்தக் கூட்டத்தில் ஒருவர். 1946-இல் நெய்யூரில் அறுவை செய்துகொண்டார். மேல்வயிற்றிலிருந்து தொப்புள்வரை இறங்கிய தழும்பைச் சிறுவயதில் தொட்டுப் பார்த்திருக்கிறோம். சாமர்வெல் துரையே தம் கையால் அறுத்தார் என்பார். அந்தக் கால நெய்யூரில் வயிறு அறுத்துக்கொண்ட எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். அவருக்குத் தழும்பு ஒரு பதக்கம். பாட்டிக்கு அது வேறொன்று. 'உன் மிளகாய்க் குழம்புதான் என் மகனை அறுக்க வைத்தது' என்று மாமியார் சொன்ன சொல் அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. அன்று தொடங்கி 1991-இல் பாட்டனார் இறக்கும்வரை, நாற்பத்தைந்து ஆண்டுகள், அவ்வீட்டில் இரண்டு சட்டிகளில் குழம்பு கொதித்தது. ஒன்று வீட்டாருக்கு, மற்றது மிளகாய் சேராமல் மிளகும் சீரகமும் தேங்காயும் மட்டும் அரைத்துவிட்டது. அம்மிகூட வேறு. மிளகாய் அரைத்த அம்மியின் வாடை படக்கூடாதாம்.

கண்ணாடி வழியாக இரைப்பையைப் பார்க்கும் கலை இதற்கிடையே வளர்ந்திருந்தது. மியூனிக்கில் ருடால்ஃப் ஷிண்ட்லர் 1932-இல் ஓரளவு வளையும் இரைப்பை நோக்கியை உருவாக்கினார். குழாய் இறங்கும்போது நோயாளியின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்வது அவர் மனைவியின் வேலை. யூத மரபினர் என்பதால் நாஜிகளிடம் சிறைப்பட்டு, 1934-இல் சிகாகோ சென்று சேர்ந்தார். கண்ணால் கண்டதை வைத்து 1947-இல் இரைப்பை அழற்சிக்கென்றே ஒரு நூல் எழுதினார். அழற்சி தெரிந்தது, அதை உண்டாக்குவது எது என்பது தெரியவில்லை.

கிரேக்கத்தின் மிசொலோங்கி என்னும் சிற்றூரில் ஜான் லிகூடிஸ் என்னும் மருத்துவர் தமக்கு வந்த வயிற்றுநோய் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் தணிந்ததைக் கண்டு, 1958 முதல் நோயாளிகளுக்கும் அதையே கொடுத்தார். 1968-இல் ஒழுங்குக்குழு அவருக்கு 4,000 திராக்மா அபராதம் விதித்தது. 1980-இல் அவர் இறந்தபோது, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோய்க்கூற்றியலர் இராபின் வாரன் ஏற்கெனவே அதைக் கண்டுவிட்டிருந்தார். 1979 ஜூன் 11, அவருடைய 42-ஆம் பிறந்தநாள். அழற்சியுற்ற இரைப்பைத் திசுவின்மேல் சுருண்ட நுண்ணுயிர்கள் ஒட்டியிருந்தன. அமிலக் கடலில் எந்த உயிரும் வாழாது என்பது பாடநூல். வாரனோடு 1981-இல் சேர்ந்த இளைஞர் பாரி மார்ஷல் அவற்றை ஆய்வகத் தட்டில் வளர்க்க முயன்று தோற்றுக்கொண்டே இருந்தார். 1982-இல் ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகளை ஐந்து நாள் அப்படியே விட்டுவிட, அவை வளர்ந்துவிட்டன. அதுவரை இரண்டே நாளில் தூக்கி எறிந்துகொண்டிருந்தார்கள்.

யாரும் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்நுண்ணுயிர்க் கரைசலைத் தாமே குடித்தார். மனைவியிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சில நாளில் குமட்டல், வாந்தி, வாய்நாற்றம். திசு எடுத்துப் பார்த்தபோது, முன்பு நலமாயிருந்த இரைப்பையில் முழுமையான அழற்சி. பலரும் அவருக்குப் புண் வந்ததாகவே எழுதுகிறார்கள். வந்தது புண்ணன்று, இரைப்பை அழற்சி. ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பின்னர் பெயரிடப்பட்ட இந்நுண்ணுயிர் இரைப்பைப் புற்றுநோய்க்கும் காரணி என்று 1994-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியது. 2005-இல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், குடும்பத்துக்குள்ளும் தூய்மையற்ற நீராலும் பரவுவது இது. இந்தியாவில் வயது வந்தோரில் பாதிக்கு மேற்பட்டோரிடம் இருக்கிறது. பெரும்பாலோர்க்கு வாழ்நாள் முழுதும் எந்த எரிச்சலும் தெரிவதில்லை.

மிளகாயின் வழக்கு என்னவாயிற்று? மார்ஷல் கரைசலைக் குடித்த அதே 1984-இல் டெல்லி மருத்துவர்கள், முன்சிறுகுடல் புண் உள்ள 50 பேரில் பாதிப்பேருக்கு நாள்தோறும் 3 கிராம் மிளகாய்த்தூள் கொடுத்து, எல்லோருக்கும் அமிலமுறிவு மருந்தும் கொடுத்து, நான்கு வாரம் கழித்து உள்ளே பார்த்தார்கள். இரு சாராருக்கும் புண் ஏறத்தாழ ஒரேயளவில் ஆறியிருந்தது. 1988-இல் அமெரிக்காவில் டேவிட் கிரகாமும் தோழர்களும் 30 கிராம் பச்சைமிளகாய் விழுதை நேராக இரைப்பைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். காயம் எதுவும் காணப்படவில்லை. ஒப்புநோக்குக்காகக் கொடுத்த ஆஸ்பிரின்தான் இரைப்பையைச் சிராய்த்திருந்தது. அப்படியானால் எரிவது? மிளகாயின் காரச்சத்து சூட்டை உணரும் நரம்பு வாயிலைத் திறந்துவிடுகிறது. 1997-இல் அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியசுக்கு 2021-இல் நோபல் கிடைத்தது. தீ இல்லாமலே தீயின் செய்தி போகிறது. மிளகாய் பொய்சாட்சி சொல்லும், கொலை செய்யாது.

எல்லாவற்றையும் கிருமியின் தலையில் கட்டிவிட்டு உணவை முற்றாக விடுவித்துவிடவும் முடியாது. கிருமி வடக்கிலும் தெற்கிலும் பரவியிருக்க, புண் மட்டும் ஏன் தெற்கில் மிகுந்தது என்ற டோவியின் கேள்வி இன்னும் உயிரோடிருக்கிறது. ஏற்கெனவே அழன்ற வயிற்றுக்கு மிளகாய் எரிச்சலைக் கூட்டுவதும் மெய்யே. ஆகவே இன்று அறிந்தவற்றைக் கொண்டு சீட்டைத் திருத்தி எழுதினால் இப்படி வரும். மதுவும் புகையும் அறவே ஆகா. இதில் பியூமாண்ட் காலத்திலிருந்து மாற்றமில்லை. முழங்கால் வலிக்கும் தலைவலிக்கும் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபென், ஆஸ்பிரின் போன்றவை மிளகாயைவிடப் பன்மடங்கு கொடியவை (இதயத்துக்காக மருத்துவர் தந்த ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்திவிடலாகாது). காரம், புளி, காப்பி, பொரித்தவை ஆகியவற்றில் எது தமக்கு எரிச்சல் தருகிறதோ அதை, அந்த நாட்களில், விட்டுவைத்தால் போதும். ஒருவருக்கு ஆகாதது மற்றவருக்கு ஆகும். நீண்டநேரப் பட்டினியும் ஒரே மூச்சில் வயிறு புடைக்க உண்பதும் பலருக்குத் தொல்லை தருவன. மலம் கரியதாகப் போனாலும், இரத்த வாந்தி வந்தாலும், உடல் காரணமின்றி மெலிந்தாலும், விழுங்கத் தடையிருந்தாலும் பத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

நாமோ சீட்டின்படி நான்கு மாதம் பாலும் தயிர்ச்சோறுமாக இருந்தோம். எரிச்சல் தணியவில்லை. கழுத்து வலிக்கென்று இரண்டாண்டாக வாரத்தில் மூன்று நாள் விழுங்கிவந்த மாத்திரையைப் பற்றி அங்கே எவரும் கேட்கவுமில்லை, நமக்குச் சொல்லத் தோன்றவுமில்லை. வேறொரு மருத்துவர் கேட்டார். உள்நோக்கிப் பார்த்தார், திசுவில் மார்ஷலின் நுண்ணுயிர் இருந்தது. இரண்டு வாரம் நான்கு வகை மாத்திரைகள். வாயெல்லாம் செம்பைக் கடித்ததுபோல் கசந்தது. ஆறு வாரம் கழித்து மீண்டும் சோதித்தபோது கிருமி இல்லை.

பாட்டி 2003-இல் இறந்தார். கடைசி ஆண்டுகளில் நினைவு தடுமாறியபோதும், அடுக்களைப் பக்கம் யாராவது போனால், அவருக்குள்ளதில் மிளகாய் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிக்கொண்டேயிருந்தார். அவரிடம் சொல்லியிருக்க வேண்டிய செய்தி அப்போதே உலகுக்குத் தெரிந்திருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை. சென்ற ஆண்டு சீட்டோடு வீட்டுக்கு வந்த அன்றிரவே நம் மனைவி மேல்தட்டிலிருந்து ஒரு சிறு சட்டியை இறக்கிக் கழுவி அடுப்படியில் வைத்திருந்தார். சோதனை முடிவு வந்த நாளில் அதைத் துடைத்து மீண்டும் மேலே ஏற்றிவைத்தோம். அன்று மீன்குழம்பு. மிளகாய் வழக்கம்போல்.